டிஸ்கோ காலத்தில் மெல்லப் பாடியவர்கள்: ஈசி லிசனிங் பட்டியல் ஓர் அறிமுகம்

1976 அக்டோபர் மாத பில்போர்டு இதழ்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். அமெரிக்க இசைத்துறையின் பத்திரிகை அது. நாடு முழுக்க எந்தப் பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று ‘ஹாட் 100’ என்ற பெயரில் வாராவாரம் பட்டியல் போடும். அந்த மாதம் 9ஆம் தேதியிட்ட இதழில் முதலிடம் ‘எ ஃபிஃப்த் ஆஃப் பீத்தோவன்’. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை எடுத்து, அடியில் டிஸ்கோ தாளத்தைக் கொடுத்து வால்டர் மர்ஃபி உருவாக்கிய வாத்திய இசை. அடுத்த வாரம், 16ஆம் தேதி, ‘டிஸ்கோ டக்’. ரிக் டீஸ் என்ற வானொலி அறிவிப்பாளரின் பாட்டு. நடுநடுவே வாத்துக் குரல் வரும். அதற்கும் அடுத்த வாரம், 23ஆம் தேதி, அந்த வாத்தை இறக்கிவிட்டு உச்சியில் ஏறி உட்கார்ந்தது ஒரு பிரிவுப் பாட்டு. சிகாகோ குழுவின் ‘இஃப் யூ லீவ் மீ நவ்’. அகூஸ்டிக் கிட்டார், பின்னால் வயலின்கள், பீட்டர் செட்டேராவின் உயர்ந்த, தழுதழுத்த குரல். எழுந்து ஆட வைக்கும் எதுவும் அதில் கிடையாது.

எழுபதுகளின் அமெரிக்க இசை என்றதும் கண்ணாடிப் பந்தும், பளபளக்கும் சட்டையும், நடன மேடையும்தான் பலருக்கும் மனதில் வரும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதே ஆண்டுகளில் அதே நாட்டில் இன்னொரு பட்டியலும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் ‘ஈசி லிசனிங்’. 1979இல் ‘அடல்ட் கன்டெம்பரரி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. சிகாகோவின் அந்தப் பாட்டு அங்கேயும் முதலிடம் பிடித்தது. இந்தப் பட்டியல் என்ன, எப்படித் தயாரானது, டிஸ்கோவுக்கும் அதற்கும் என்ன உறவு என்று இதுவரை கேள்விப்படாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ரொம்பவும் விரும்பிக் கேட்கும் பாட்டுகளில் பாதி இந்தப் பட்டியலில் இருப்பவை.

முதலில் சொல். ஈசி லிசனிங் என்பதைத் தமிழில் ‘மெல்லிசை’ என்று எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் நமக்கு மெல்லிசை என்றால் சினிமாப் பாட்டு முழுவதையுமே குறிக்கும். கச்சேரி இசைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சொல் அது. அமெரிக்கர்கள் சொன்ன ஈசி லிசனிங் வேறு. அது எப்படிப்பட்ட இசை என்பதைக் காட்டிலும், எந்த நேரத்தில், யார், என்ன வேலை செய்துகொண்டு கேட்கிறார்கள் என்பதைச் சொல்லும் பெயர். அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டு, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு, காரில் வீடு திரும்பிக்கொண்டு கேட்பவர்களுக்கான வானொலி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

பட்டியல் பிறந்த கதை

ஹாட் 100 ஆரம்பித்தது 1958 ஆகஸ்டில். அப்போது ராக் அண்ட் ரோல் அலை அடித்துக்கொண்டிருந்தது. பதின்பருவத்துப் பிள்ளைகள் காசு சேர்த்து இசைத்தட்டு வாங்கினார்கள்; பட்டியல் அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஆனால் நாட்டில் எல்லா வானொலி நிலையமும் ராக் போடவில்லை. பெரியவர்கள் கேட்கும் நிலையங்கள் நிறைய இருந்தன. ‘நடுவழி’ என்ற பொருளில் மிடில் ஆஃப் த ரோடு நிலையங்கள் என்று அவற்றைச் சொன்னார்கள். அந்த நிலையங்களுக்கு ஹாட் 100 பாதி பயன்படாது. அவர்களுக்கென்று 1961 ஜூலையில் பில்போர்டு தனிப் பட்டியல் தொடங்கியது. முதல் வாரத்து முதலிடம் புரூக் பென்டனின் ‘த போல் வீவில் சாங்’. பருத்திக்காயைத் துளைக்கும் வண்டைப் பற்றிய பழைய நாட்டுப்பாட்டின் புது வடிவம் அது.

தொடக்கத்தில் இது தனியாகக் கணக்கெடுத்த பட்டியல் கிடையாது. ஹாட் 100ஐ எடுத்து, அதில் ராக் வாடை அடிக்கும் பாட்டுகளை நீக்கிவிட்டு, மீதியை அதே வரிசையில் அச்சடித்தார்கள். நடுவில் பெயரும் இரண்டு முறை மாறியது. 1965இல்தான் ஈசி லிசனிங் என்ற பெயர் திரும்பி வந்து நிலைத்தது. ஹாட் 100இன் நிழலாக இல்லாமல் தனக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொண்டதும் அப்போதுதான். எழுபதுகளில் அந்தக் கணக்கின் அடிப்படை, இந்த வகை வானொலி நிலையங்கள் எந்தப் பாட்டை எவ்வளவு போடுகின்றன என்பதே.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஹாட் 100 இரண்டு விஷயங்களைக் கலந்து பார்த்தது: கடையில் சிங்கிள் எவ்வளவு விற்கிறது, வானொலியில் எவ்வளவு ஒலிக்கிறது. சிங்கிள் என்றால் 7 அங்குலம் அகலமுள்ள சின்ன இசைத்தட்டு; நிமிடத்துக்கு 45 சுற்று; பக்கத்துக்கு ஒரு பாட்டு. அந்தக் காலத்தில் இன்றுபோல ஒவ்வொரு விற்பனையையும் கணினி எண்ணவில்லை. கடைக்காரர்களையும் வானொலிக்காரர்களையும் கேட்டு, அவர்கள் சொன்ன வரிசையை வைத்துத்தான் புள்ளி போட்டார்கள். 1991 வரைக்கும் இதுதான் நிலைமை. ஆக ஹாட் 100 பிள்ளைகளின் சட்டைப்பையையும் தொட்டது. ஈசி லிசனிங் பட்டியலோ வானொலிக்காரரின் மேஜையை மட்டும் பார்த்தது. ஒரு பாட்டை யாராவது ஓடிப்போய் வாங்குகிறார்களா என்று அது கேட்கவில்லை. அந்தப் பாட்டு வரும்போது யாரும் எழுந்து நிலையத்தை மாற்றவில்லையே, அதுதான் அதற்கு முக்கியம்.

ஒரே பாட்டு, இரண்டு கணக்கு

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதை 1977 இறுதி அழகாகக் காட்டுகிறது. அந்த அக்டோபரில் டெபி பூன் பாடிய ‘யூ லைட் அப் மை லைஃப்’ ஹாட் 100இல் முதலிடத்துக்கு வந்தது. வந்தது, அசையவே இல்லை. 10 வாரம். எழுபதுகளில் வேறு எந்தப் பாட்டும் அத்தனை வாரம் அங்கே இருந்ததில்லை. டிஸ்கோ உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த ஆண்டில், பியானோவோடு மெல்லத் தொடங்கும் ஒரு பாட்டு செய்த சாதனை இது. ஆனால் பெரியவர்களின் பட்டியலில் அது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம்.

அதே நேரத்தில் கார்லி சைமன் பாடிய ‘நோபடி டஸ் இட் பெட்டர்’ வந்தது. ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக மார்வின் ஹாம்லிஷ் இசையமைத்தது. ஹாட் 100இல் அது இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. மேலே டெபி பூன் வழிவிடவில்லை. ஈசி லிசனிங்கில் அதே பாட்டு 7 வாரம் முதலிடம். ஏன் இப்படி? என் கணிப்பு இது: டெபி பூனின் பாட்டை மக்கள் அள்ளிக்கொண்டு போய் வாங்கினார்கள். கார்லி சைமனின் பாட்டையோ வானொலிக்காரர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை போட்டாலும் கேட்பவர்களுக்குச் சலிக்கவில்லை. அந்தக் குரலில் ஒரு பெரிய மனுஷியின் நிதானம் இருக்கிறது. காதலைக் கண்டு மயங்கி நிற்பவள் பாடுவதில்லை. பலதையும் பார்த்து முடித்தவள் பாடுகிறாள்.

இன்னும் கூர்மையான உதாரணம் கார்ப்பென்டர்ஸ். ரிச்சர்ட், கேரன் என்ற அண்ணன் தங்கை. 1976இல் அவர்கள் வெளியிட்ட ‘ஐ நீட் டு பி இன் லவ்’ ஹாட் 100இல் 25ஆம் இடத்தோடு திரும்பியது. ஒரு சிங்கிளுக்கு அது சறுக்கல். அதே பாட்டு ஈசி லிசனிங்கில் முதலிடம். இந்தப் பட்டியலில் மொத்தம் 15 பாட்டுகளை உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். கேரனின் குரல் கீழ் ஸ்தாயியில்தான் முழுசாக மலரும். மைக்குக்கு மிக அருகில் நின்று, காற்றைக்கூட வீணாக்காமல், காதோடு சொல்வது மாதிரிப் பாடுவார். முதலில் அவர் டிரம்ஸ் வாசிப்பவராகத்தான் வந்தார் என்பது கேட்கும்போதே தெரியும். ஒரு சொல்லும் தாளத்தை விட்டு வழுக்காது. 1983இல், 32 வயதில் போய்விட்டார். அவர் குரலைக் கேட்காமல் இந்த இசையைப் பற்றி யாரும் முடிவுக்கு வரக்கூடாது.

டிஸ்கோ என்றால் என்ன, இதற்கு எதிரா?

டிஸ்கோவின் அடையாளம் எளிது. நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் காலால் மிதிக்கும் பெரிய டிரம் ‘தும், தும், தும், தும்’ என்று விழும். நடுவில் ஹை-ஹாட் எனும் இரட்டைத் தட்டு ‘ட்ஸ், ட்ஸ்’ என்று திறந்து மூடும். பேஸ் கிட்டார் துள்ளும். மேலே வயலின்கள் பறக்கும். வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 110 முதல் 130 அடி. நியூயார்க்கில் கறுப்பின, லத்தீன், தன்பாலின இளைஞர்கள் கூடிய நடனக்கூடங்களில் வளர்ந்த இசை. அதன் வீடு 12 அங்குலத் தட்டு. அகன்ற தட்டில் பள்ளங்கள் இடைவெளிவிட்டு ஓடும், அதனால் ஒலி பலமாக, அடித்தொனி கனமாகக் கிடைக்கும். பாட்டு ஏழெட்டு நிமிடம் ஓடினாலும் இடமிருக்கும். ஈசி லிசனிங்கின், அதாவது மென்பாட்டின், வீடு 7 அங்குலச் சிங்கிள், மூன்று மூன்றரை நிமிடம், அப்புறம் விளம்பரம், வானிலை அறிக்கை, அடுத்த பாட்டு.

இதைக் கேட்டதும் இரண்டும் எதிரெதிர் முகாம்கள் என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணத்தை உடைத்தது பீ ஜீஸ் சகோதரர்களின் இரண்டு பாட்டுகள். இரண்டும் 1977 டிசம்பரில் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தில் இருப்பவை. ஒன்று ‘ஸ்டேயின் அலைவ்’, மற்றது ‘ஹவ் டீப் இஸ் யுவர் லவ்’. முன்னது டிஸ்கோவின் தேசிய கீதம் போல ஆகிவிட்டது. பின்னது ஈசி லிசனிங்கில் 6 வாரம் முதலிடம். ஹாட் 100இலும் முதலிடம்.

இப்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். முதலாவதைப் போட்டு, மேஜையில் விரலால் தட்டி, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். நூறைத் தாண்டிக் கொஞ்சம் வரும். நின்றுபோன இதயத்தை அழுத்தி மீட்கும் முதலுதவிப் பயிற்சியில் வேகம் பிடிபட இந்தப் பாட்டை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, அது இதனால்தான். அடுத்து இரண்டாவதை எண்ணுங்கள். கிட்டத்தட்ட அதே எண்! முதல் தடவை எனக்கு நம்பிக்கை வராமல் திரும்பவும் எண்ணினேன். காதுக்கு ஒன்று ஓட்டமாகவும் மற்றது படுத்துக்கிடப்பதாகவும் இருக்கிறது. கடிகாரத்துக்கு இரண்டும் ஒரே நடை.

அப்படியானால் எது மாறுகிறது? ‘ஸ்டேயின் அலைவ்’ பாட்டின் டிரம்ஸ் ஒரு ஒட்டுவேலை. பிரான்சில் ஒலிப்பதிவு நடந்தபோது டிரம்ஸ் கலைஞர் குடும்பத்தில் உடல்நலக் குறைவு என்று ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அவர் ஏற்கெனவே ‘நைட் ஃபீவர்’ பாட்டுக்கு வாசித்ததிலிருந்து ஒரு சின்னத் துண்டு டேப்பை வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, அதையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். மனிதர் வாசித்தால் கொஞ்சம் முன்னே பின்னே போவார். வளையத்துக்கு மனசு மாறாது. அந்த விடாப்பிடியான மிதிதான் உங்களை எழுப்பி நடக்க வைக்கிறது. ‘ஹவ் டீப்’ பாட்டில் அந்த மிதி முன்னால் வருவதே இல்லை. எலக்ட்ரிக் பியானோ ஸ்வரங்களை நீட்டிப் பிடித்துக்கொள்கிறது, டிரம்ஸ் பின்னால் பதுங்குகிறது, குரல்கள் முன்னால் வந்து நிற்கின்றன. தாளம் உடம்பைக் கேட்கவில்லை. காதை மட்டும் கேட்கிறது. பாடியவர்கள் அவர்களே, படமும் ஒன்றே, வேகமும் ஒன்றே.

பிலடெல்பியா

இந்த உறவின் வேர் பிலடெல்பியா நகரில் இருக்கிறது. அங்கே சிக்மா சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக்கூடம். கென்னத் கேம்பிள், லியான் ஹஃப் என்ற இரட்டையர் அங்கே பாட்டு எழுதி, இசை தயாரித்தார்கள். நிரந்தரமாக வாசிக்க ஒரு வாத்தியக் குழு. டிரம்ஸில் எர்ல் யங். 1973இல் ஹெரால்டு மெல்வின் குழுவுக்காக ‘த லவ் ஐ லாஸ்ட்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். மெதுவான சோகப் பாட்டாக நினைத்தது அது. வேகத்தைக் கூட்டி, எர்ல் யங் ஹை-ஹாட்டை வைத்துக்கொண்டு விளையாடியதும் முகமே மாறிப்போனது. டிஸ்கோ தாளம் பிறந்த இடங்களில் ஒன்று என்று அந்தப் பாட்டைச் சொல்வார்கள். அதாவது டிஸ்கோவின் கருவில் இருந்ததே ஒரு மென்பாட்டு.

அடுத்த ஆண்டு, 1974, இன்னும் சுவாரசியம். பேரி வைட்டின் லவ் அன்லிமிடெட் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த ‘லவ்ஸ் தீம்’ பிப்ரவரியில் ஹாட் 100இன் முதலிடம் வந்தது. வயலின்கள் கடலலை மாதிரி எழுந்து விழும் வாத்திய இசை. நடனக்கூடங்களில் முதலில் பிடித்துக்கொண்ட அதே தட்டு ஈசி லிசனிங்கிலும் முதலிடம். ஏப்ரலில் பிலடெல்பியாக் கூடத்து வாத்தியக்காரர்களே எம்.எஃப்.எஸ்.பி. என்ற பெயரில் வாசித்த ‘டி.எஸ்.ஓ.பி.’ இரண்டு பட்டியலிலும் முதலிடம். ஆட வந்தவனும் கேட்டான், பாத்திரம் கழுவியவளும் கேட்டாள். டிஸ்கோ பட்டிதொட்டியெல்லாம் பரவுவதற்கு முன்பே அதை முன்னறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவர்கள் இந்த மென்பாட்டு ரசிகர்கள்தான்.

இந்த இரண்டு உலகும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததைக் கேட்க வேண்டுமென்றால் லூ ராவ்ல்ஸ் 1976இல் பாடிய ‘யூல் நெவர் ஃபைண்ட் அனதர் லவ் லைக் மைன்’ போதும். கேம்பிள், ஹஃப் எழுதித் தயாரித்தது. அடியில் நடனத்துக்கான நடை இருக்கிறது, இடுப்பு அசையத்தான் செய்யும். ஆனால் மேலே வரும் குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஆழமானது. அவசரமே இல்லாமல் வருகிறது. என்னைப்போல் உன்னை நேசிக்க இன்னொருவன் கிடைக்கமாட்டான் என்று போகிறவளிடம் சொல்கிறான். கெஞ்சவில்லை, தகவல் சொல்கிறான். கறுப்பின இசைக்கான பட்டியலில் முதலிடம், ஈசி லிசனிங்கில் முதலிடம், ஹாட் 100இல் இரண்டாமிடம். ஒரே தட்டு மூன்று வீட்டுக் கதவையும் திறந்தது.

போக்குவரத்து இரு திசையிலும் நடந்தது. பேரி மானிலோ இந்தப் பட்டியலின் செல்லப்பிள்ளை. ‘மேண்டி’, ‘ஐ ரைட் த சாங்ஸ்’ என்று வரிசையாக முதலிடங்கள். (பாட்டுகளை எழுதுபவன் நான் என்று பாடும் அந்தப் பாட்டை எழுதியவர் அவர் இல்லை, புரூஸ் ஜான்ஸ்டன்.) ஷோபேனின் பியானோ இசைத்துண்டு ஒன்றின் மேல் கட்டிய ‘குட் இட் பி மேஜிக்’ என்ற மானிலோவின் பாட்டை 1976இல் டோனா சம்மர் எடுத்து முழு டிஸ்கோவாக மாற்றினார். மென்பாட்டிலிருந்து நடன மேடைக்கு. எதிர்த்திசைக்கு 1979இல் ஹெர்ப் ஆல்பர்ட். டிரம்பெட் வாசிப்பவர். ‘ரைஸ்’ என்ற இசை முதலில் துள்ளலான டிஸ்கோ வேகத்தில் உருவானது. ஒலிப்பதிவின்போது அதை நிமிடத்துக்கு 100 அடி அளவுக்குக் குறைத்தார்கள். குறைத்ததும் டிரம்பெட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஹாட் 100, அடல்ட் கன்டெம்பரரி இரண்டிலும் முதலிடம். 1968இலேயே ஒரு பாட்டைப் பாடி ஹாட் 100இன் முதலிடம் பார்த்தவர் அவர். பாடியும் வாசித்தும் அந்த இடத்தைத் தொட்டவர்.

பியானோவும் காற்றில் மிதக்கும் ‘ஆ’வும்

மென்பாட்டு என்றால் சும்மா மெதுவாக வாசித்த பாட்டு என்று நினைப்பது அநியாயம். ஒலிப்பதிவுக் கூடத்தில் இதற்காகப் பட்ட பாடு டிஸ்கோவுக்குக் குறைந்ததில்லை. 1975இல் இங்கிலாந்தின் டென் சிசி குழு ‘ஐம் நாட் இன் லவ்’ பாட்டுக்காகச் செய்ததைக் கேளுங்கள். மூன்று பேர் ஒரே ஸ்வரத்தில் ‘ஆ’ என்று பாடுவார்கள். அதை 16 முறை பதிவு செய்தால் 48 குரல். அடுத்த ஸ்வரத்துக்கு மறுபடியும் 48. இப்படி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு டேப் வளையம் செய்து, ஒலிக்கலவை மேசையின் தள்ளுவிசைகளை ஏற்றி இறக்கி, குரல்களையே ஆர்மோனியம் வாசிப்பதுபோல வாசித்தார்கள். ஒட்டுத் தெரியாத, பாடகர் எங்கே மூச்செடுத்தார் என்றே தெரியாத ஒரு மேகம் அந்தப் பாட்டு முழுக்க மிதக்கும்.

அந்த மேகத்தைக் கேட்டு மயங்கியவர்களில் பில்லி ஜோயலின் தயாரிப்பாளர் ஃபில் ரமோனும் ஒருவர். 1977இல் ‘ஜஸ்ட் த வே யூ ஆர்’ பதிவானபோது அதே உத்தியைக் கையாண்டார். இந்தப் பாட்டைத்தான் இந்த வகைக்கே பாடப்புத்தகம் என்று நான் சொல்வேன். ஃபெண்டர் ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோ தண்ணீரில் கல் விழுந்த மாதிரி வட்டமிட்டுத் தொடங்கும். டிரம்ஸ் பிரேசிலின் போசா நோவா சாயலில், மணலில் நடப்பதுபோல. ஃபில் உட்ஸ் என்ற ஜாஸ் கலைஞர் நடுவில் சாக்ஸபோனில் வந்து ஒரு சின்ன ஆலாபனையே செய்துவிட்டுப் போவார். இந்தப் பாட்டு பில்லி ஜோயலுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆல்பத்தில் சேர்க்கத் தயங்கினார். கூடத்துக்கு வந்திருந்த பாடகிகள் லிண்டா ரான்ஸ்டாட்டும் ஃபீபி ஸ்னோவும் விடாதே என்று சொன்னதால்தான் தங்கியது. ஹாட் 100இல் மூன்றாமிடம், ஈசி லிசனிங்கில் முதலிடம், பிறகு சிறந்த பதிவுக்கும் சிறந்த பாட்டுக்கும் கிராமி விருதுகள்.

1978இல் கமடோர்ஸ் குழு செய்தது எனக்கு இன்னும் ஆச்சரியம். உடம்பைக் குலுக்கும் ஃபங்க் இசைக்குப் பேர்போன கறுப்பினக் குழு. டிஸ்கோ உச்சத்தில் இருந்த அந்தக் கோடையில் அவர்கள் வெளியிட்டது ‘த்ரீ டைம்ஸ் எ லேடி’. வால்ட்ஸ் தாளம், ஒன்று-இரண்டு-மூன்று என்று போகும், நம் திஸ்ர நடைபோல. மூன்றில் நடக்கும் பாட்டின் மேல் நான்கு மிதியை வைக்கவே முடியாது. தன் பெற்றோரின் திருமண நாளில் அப்பா அம்மாவைப் பாராட்டிப் பேசியதைக் கேட்டு அந்தக் குழுவின் பாடகர் லயனல் ரிச்சி எழுதியது. ஊரே நான்கு எண்ணிக்கையில் ஆடிக்கொண்டிருந்தபோது மூன்று எண்ணிக்கைப் பாட்டு இரண்டு பட்டியலிலும் முதலிடம் வந்தது.

பெயர் மாறிய ஆண்டு

எழுபதுகளில் ‘பெரியவர்கள்’ என்பவர்கள் யார் என்பதே மாறிக்கொண்டிருந்தது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லியைக் கேட்டுக் குதித்த 15 வயதுப் பெண்ணுக்கு 1979இல் 38 வயது. 1964இல் பீட்டில்ஸைக் கண்டு கத்திய பையனுக்கு முப்பது. வீட்டுக்கடன், வேலை, பிள்ளைகள். அவர்கள் தங்கள் அப்பாக்கள் கேட்ட ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குத் திரும்பிப் போகத் தயாராக இல்லை. கிட்டாரும் டிரம்ஸும் வேண்டும், ஆனால் தலைவலிக்காமல் வேண்டும். ஜேம்ஸ் டெய்லர், ஆல் ஸ்டூவர்ட், பில்லி ஜோயல் எல்லாம் இவர்களுக்காக வந்தவர்கள்தான். 1978இன் கடைசியில் ஆல் ஸ்டூவர்ட்டின் ‘டைம் பாஸேஜஸ்’ ஈசி லிசனிங்கில் 10 வாரம் முதலிடம். போன காலத்தை ரயில் பயணத்தோடு சேர்த்து நினைக்கும் பாட்டு. அந்தக் குளிர்காலத்தில் ஹாட் 100இன் உச்சியில் சிக் குழுவின் ‘லெ ஃப்ரீக்’ அதிர்ந்துகொண்டிருந்தது.

பழைய பெயர் இந்தக் கூட்டத்துக்குப் பொருந்தவில்லை. ஈசி லிசனிங் என்றால் பல் மருத்துவர் வரவேற்பறையில் ஒலிக்கும் வயலின்தான் நினைவுக்கு வந்தது. 1979 ஏப்ரல் 7ஆம் தேதியிட்ட இதழிலிருந்து பட்டியலின் பெயர் அடல்ட் கன்டெம்பரரி. பெரியவர்களுக்கான சமகால இசை. மூன்று மாதம் கழித்து, ஜூலை 12 இரவு, சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு வானொலி அறிவிப்பாளரின் அழைப்பை ஏற்று வந்த கூட்டத்துக்கு நடுவே டிஸ்கோ தட்டுகளை ஒரு பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்தில் புகுந்தது, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. எரிந்தது வினைல் தட்டு மட்டும் இல்லை. கறுப்பர்களும் தன்பாலினரும் வளர்த்த ஓர் இசையின்மேல் இருந்த வெறுப்பும் அங்கே வெளியே வந்தது என்று பிற்பாடு பலர் எழுதினார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

ஓராண்டுக்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு நியூயார்க்கின் டபிள்யூ.கே.டி.யூ. நிலையம் சாட்சி. ‘மெல்லோ 92’ என்ற பெயரில் மென்மையான ராக் பாட்டு போட்டுக்கொண்டிருந்த எஃப்.எம். நிலையம் அது. கேட்க ஆள் குறைவு. 1978 ஜூலை 24 மாலை சட்டென்று ‘டிஸ்கோ 92’ ஆனது. சில மாதங்களில் நகரத்தில் அதிகம் பேர் கேட்கும் நிலையமாகிவிட்டது. மென்பாட்டு நிலையத்தின் நாற்காலியிலேயே டிஸ்கோ ஏறி உட்கார்ந்த கதை. 1979க்குப் பிறகு சக்கரம் திரும்பியது. பல நிலையங்கள் டிஸ்கோ என்ற சொல்லையே ஒளித்தன.

பெரிய அடி பீ ஜீஸுக்கு. தெருவெல்லாம் ஒலித்த அவர்கள் குரலைப் பல வானொலிகள் ஒதுக்கி வைத்தன. அவர்கள் என்ன செய்தார்கள்? குரலை உள்ளே வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்கள். பார்பரா ஸ்ட்ரைசண்ட் 1977இல் ‘எவர்கிரீன்’ பாட்டால் ஈசி லிசனிங்கில் 6 வாரம் முதலிடம் பிடித்தவர். இந்தப் பட்டியலின் ராணி என்றே சொல்லலாம். அவருக்காக பீ ஜீஸ் சகோதரர்களில் பேரி கிப்பும் ராபின் கிப்பும் ‘உமன் இன் லவ்’ எழுதினார்கள். ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ பாட்டுகளில் கூட உழைத்த அதே தயாரிப்பாளர்களோடு சேர்ந்து பேரியே தயாரித்தார். 1980 இலையுதிர் காலத்தில் அது ஹாட் 100இல் முதலிடம், அடல்ட் கன்டெம்பரரியில் முதலிடம். 1983இல் அந்தச் சகோதரர்கள் எழுதிக் கொடுத்த ‘ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்’ பாட்டை கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் சேர்ந்து பாடினார்கள். அந்த இரண்டு பட்டியலோடு கன்ட்ரி பட்டியலிலும் முதலிடம்.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் லூ ராவ்ல்ஸ். பிறகு ‘ரைஸ்’. அப்புறம் விளக்கைக் குறைத்துவிட்டு ‘ஜஸ்ட் த வே யூ ஆர்’, கேரன் கார்ப்பென்டர். கடைசியில் ‘உமன் இன் லவ்’ பாட்டை ஹெட்ஃபோனில் போட்டு, ஸ்ட்ரைசண்டின் குரலை விட்டுவிட்டு மெட்டை மட்டும் பின்தொடருங்கள். வரி முடியும் இடத்தில் ஸ்வரம் சட்டென்று மேலே ஏறி, அங்கேயே நீண்டு நிற்கும். அந்த ஏற்றத்தில் பேரி கிப்பின் குரல் அப்படியே கேட்கும்.